எல்லாவற்றிலும் இரண்டாவது! – பூமியை அளந்த எரட்டோஸ்தனிஸின் கதை



எகிப்து நாட்டின் கெய்ரோவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு விமானத்தில் போக எவ்வளவு நேரம் ஆகும்? செல்போனை எடுத்து இரண்டு ஊர்ப் பெயரையும் தட்டினால் போதும், விடை வந்துவிடும். தூரம் சுமார் 6,260 கிலோமீட்டர். நேராகப் பறக்கும் ஜெட் விமானத்தில் ஏறக்குறைய 8 மணி நேரம். அவ்வளவுதான், போனைப் பையில் போட்டுக்கொண்டு நம்ம வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

ஆனால் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் யார் செயின் பிடித்தது? பாலைவனம், சூடான் சமவெளி, பெரிய பெரிய ஏரிகள், காடு, மலை... இதற்கெல்லாம் மேலே நேர்கோடாக யாரும் ரேஞ்சிங் ராடு நட்டுக்கொண்டு போகவில்லை. போகவும் முடியாது. ஆனாலும் தூரம் தெரிகிறது! எப்படி?

பூமி என்பது ஒரு உருண்டை. அதன் சுற்றளவு தெரிந்துவிட்டால், இரண்டு ஊருக்கும் நடுவில் உள்ள கோணத்தை வைத்தே தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். அந்தச் சுற்றளவை அளந்தவர்களில், எப்படி அளந்தார் என்ற முறையோடு நமக்குத் தெரிய வருகிற முதல் மனிதர் எரட்டோஸ்தனிஸ். ஏறக்குறைய 2,250 வருஷங்களுக்கு முன்னால் வாழ்ந்தவர். அவர் கையில் இருந்தது இரண்டே இரண்டு சங்கதி. ஆப்பிரிக்காவில் உள்ள இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரம் ஒன்று. ஒரு நிழல் இன்னொன்று.

கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்கு இந்தப் பெயர் ஏற்கெனவே பழக்கம்தான். பகா எண்களைக் கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் எழுதச் சொல்வார்களே, எரட்டோஸ்தனிஸ் சல்லடை! அதே ஆள்தான் இவர். லேப் ரெக்கார்டில் பெயரை எழுதியிருப்போம், மனிதரைத் தெரிந்திருக்காது. இந்த ஆண்டு மலரில் அவரைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோமே.

சைரீன் ஊர்ப் பையன்

எரட்டோஸ்தனிஸ் பிறந்தது கி.மு. 276 வாக்கில். ஊர் சைரீன். கிரேக்கப் பெயராக இருக்கிறதே, கிரீஸ் நாட்டில் பிறந்தவர் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சைரீன் இருப்பது ஆப்பிரிக்காவில். கடல் தாண்டி வந்து குடியேறிய கிரேக்கர்கள் கட்டிய நகரம் அது. இன்றைய லிபியாவின் கிழக்குப் பக்கத்தில், ஷஹாத் என்ற ஊரை ஒட்டி அதன் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன.

படிப்பதற்காக அவர் ஏதென்ஸ் போனார். அங்கே தத்துவம் படித்தார். தத்துவத்தோடு நிறுத்திக்கொண்டாரா என்றால் அதுதான் இல்லை. கவிதை எழுதினார். பழைய நகைச்சுவை நாடகங்களைப் பற்றி எழுதினார். கணக்குப் போட்டார். வானத்து நட்சத்திரங்களைப் பார்த்தார். எந்தச் சம்பவம் எந்த வருஷம் நடந்தது என்று வரலாற்றுக்கே தேதி குறிக்க முயன்றார். ஒலிம்பிக் பந்தயங்களை வரிசைப்படுத்தி, அதை வைத்து ஆண்டுகளைக் கணக்கிட்டார். எதைக் கொடுத்தாலும் ஆர்வமாக இறங்கிவிடும் சுபாவம்.

அந்தக் காலத்தில் எகிப்தை ஆண்டவர்கள் தாலமி என்ற பெயர் கொண்ட அரசர்கள். மூன்றாம் தாலமி கி.மு. 246-ல் பதவிக்கு வந்தார். எரட்டோஸ்தனிஸைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரை அலெக்ஸாண்ட்ரியாவுக்கு வரவழைத்தார். சைரீனிலிருந்து அலெக்ஸாண்ட்ரியா நேர்கோட்டில் சுமார் 780 கிலோமீட்டர். இப்போது ஜெட் விமானம் ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடும் தூரம். அன்றைக்கு அது கடற்பயணம், காற்று மனசு வைத்தால்தான் ஊர் போய்ச் சேரலாம்.

அலெக்ஸாண்ட்ரியாவில் அவருக்குக் கிடைத்த வேலை சாதாரண வேலை இல்லை. உலகப் புகழ்பெற்ற அலெக்ஸாண்ட்ரியா நூலகத்தின் தலைமைப் பொறுப்பு! கூடவே இளவரசருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையும். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் புத்தகச் சுருள் இருந்தால் அதை எடுத்து நகல் எழுதிக்கொள்வார்களாம், பிற்காலத்து மருத்துவர் கேலன் எழுதியிருக்கிறார். அப்படிச் சேர்ந்த அறிவுக் குவியல் முழுவதும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பட்டப்பெயர் "பீட்டா"

இப்படிப்பட்ட மனிதருக்கு அந்த ஊர் அறிஞர்கள் வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? பீட்டா!

பீட்டா என்பது கிரேக்க எழுத்துகளில் இரண்டாவது. அதாவது, இவர் எல்லாத் துறையிலும் இரண்டாவது ஆள், எதிலுமே முதல் ஆள் இல்லை என்று கிண்டல். கணக்கு என்றால் ஆர்க்கிமிடிஸ் இருக்கிறார். கவிதை என்றால் கலிமாக்கஸ் இருக்கிறார். தத்துவத்துக்கு ஏதென்ஸில் பெரிய தலைகள் இருக்கின்றன. இவர் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். அதனால் இரண்டாம் நம்பர்! இன்னொரு பட்டப்பெயரும் உண்டு, பென்டத்லோஸ். ஐந்து விதமான போட்டிகளிலும் கலந்துகொள்ளும் விளையாட்டு வீரனுக்குச் சொல்கிற பெயர். ஓட்டத்தில் மட்டும் பார்த்தால் ஓட்டக்காரன் ஜெயிப்பான், மல்யுத்தத்தில் மட்டும் பார்த்தால் மல்லன் ஜெயிப்பான். ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவன் யார் என்று தெரியும்.

நண்பர்களே, இந்த இடத்தில் நமக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கிறதா இல்லையா? கல்யாண வீட்டில் ஒரு சொந்தக்காரர் என்ன படிக்கிறாய் என்று கேட்பார். டிப்ளமோ என்று சொன்னதும், ஓகோ டிப்ளமோவா, அப்புறம் பி.இ. சேரலாம் இல்லையா என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார். பட்டறைக்குப் போனால் நீ படித்தவன் என்று ஒதுக்குவார்கள். ஆபீசுக்குப் போனால் நீ டிப்ளமோதானே என்று ஒதுக்குவார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பீட்டாக்கள் நாம்! அதனால்தான் இந்த மனிதரின் கதை நமக்கு முக்கியம்.

பீட்டா என்று கிண்டல் பண்ணியவர்கள் யார் யார் என்று இன்றைக்கு உலகத்துக்குத் தெரியாது. ஆனால் உண்மையிலேயே முதல் நம்பரான ஆர்க்கிமிடிஸ் என்ன செய்தார்? தான் கணக்குகளைக் கண்டுபிடிக்கும் ரகசிய வழியை ஒரு நூலாக எழுதினார். ஒரு உருவத்தை மெல்லிய துண்டுகளாக வெட்டியதாகக் கற்பனை செய்து, நெம்புகோலில் தொங்கவிட்டு எடை பார்ப்பது போல் பார்க்கும் முறை அது. மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க! அந்த நூலை அவர் யாருக்கு எழுதி அனுப்பினார்? எரட்டோஸ்தனிஸுக்கு! அந்தச் சங்கதி பல நூற்றாண்டுகள் காணாமல் போயிருந்து, 1906-ல் கான்ஸ்டான்டினோப்பிளில் ஒரு பழைய பிரார்த்தனைப் புத்தகத்தின் தோல் ஏட்டில், பிரார்த்தனை வரிகளுக்கு அடியில் அழிக்கப்பட்டிருந்த எழுத்துகளிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது. முதல் நம்பர் ஆள் இரண்டாம் நம்பர் ஆளை எப்படி மதித்தார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சல்லடையும் தகடுகளும்

அவருடைய சல்லடை எவ்வளவு எளிமை பாருங்கள். 2 முதல் எண்களை வரிசையாக எழுது. 2-ஐ வைத்துக்கொண்டு அதன் மடங்குகளை எல்லாம் அடி. அடுத்து 3-ஐ வைத்துக்கொண்டு அதன் மடங்குகளை அடி. 4 ஏற்கெனவே அடிபட்டுவிட்டது, விடு. 5-க்குப் போ. கடைசியில் அடிபடாமல் நிற்பவை பகா எண்கள். சல்லடையில் மாவு கீழே போய்விட, கப்பி மேலே நிற்பது போல! வகுத்தல் கணக்கே வேண்டாம். கம்ப்யூட்டருக்கு அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது.

இன்னொரு கணக்கு, ஒரு கனசதுரத்தின் கொள்ளளவை இரட்டிப்பாக்க வேண்டும், பக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது. பெரிய பெரிய மூளைகள் திணறிய கணக்கு. எரட்டோஸ்தனிஸ் நகரும் தகடுகளைக் கொண்டு ஒரு கருவி செய்து, அதைத் தள்ளி வைத்தே விடை பார்க்க வழி கண்டார். கல்லெறியும் போர்ப் பொறிகளின் அளவைக் கூட்டவும் இது பயன்படும் என்று சொன்னார். காகிதத்தில் நிரூபித்தால் போதாது, கையில் பிடித்து வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணம். நம்ம ஆள்தான், சந்தேகமே இல்லை!

இரண்டு ஊர், ஒரு நிழல்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

எகிப்தின் தென்கோடியில், நைல் நதிக்கரையில் ஒரு ஊர் உண்டு. அன்றைய பெயர் சையீன். இன்றைய பெயர் அஸ்வான். அங்கே வருஷத்தில் ஒரு நாள், வெயில் காலத்தில் பகல் மிக நீளமாக இருக்கும் நாளில் (நம்ம கணக்கில் ஜூன் 21 வாக்கில்), உச்சிப்பொழுதுக்கு நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. சூரியன் நேர் தலைக்கு மேலே. கிணற்றுக்குள்ளேகூட வெயில் அடிவரை இறங்கும் என்று சொல்வார்கள். இது அந்தக் காலத்திலேயே பலருக்கும் தெரிந்த செய்தி.

அலெக்ஸாண்ட்ரியா வடக்கே கடற்கரையில் இருக்கிறது. அங்கே அதே நாள், அதே உச்சிப்பொழுதில் கம்புக்கு நிழல் விழுகிறது. ஒரு ஊரில் நிழல் இல்லை, இன்னொரு ஊரில் நிழல் இருக்கிறது. ஆயிரம் பேர் இதைக் கேட்டுவிட்டு ஆச்சரியம் என்று சொல்லிப் போயிருப்பார்கள். எரட்டோஸ்தனிஸ் மட்டும் அதில் ஒரு கணக்கைப் பார்த்தார்.

சூரியன் ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, ஆகவே அதன் கதிர்கள் இரண்டு ஊரிலும் இணையாக வந்து விழுகின்றன. அஸ்வான் கம்பையும் அலெக்ஸாண்ட்ரியா கம்பையும் மனசுக்குள் கீழே கீழே நீட்டிக்கொண்டே போனால், இரண்டும் பூமியின் மையத்தில் சந்திக்கும். இணைகோடுகளை ஒரு கோடு வெட்டினால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று ஹைஸ்கூலில் படித்தோமே, அதுதான் இங்கே! அலெக்ஸாண்ட்ரியாவில் நிழல் காட்டும் கோணமும், பூமியின் மையத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே உண்டாகும் கோணமும் ஒன்றே.

கோணத்தை எப்படி அளப்பது? கால்குலேட்டர் கிடையாது, டேன்ஜென்ட் டேபிள் கிடையாது. அரைக்கோளமாகக் குழித்த ஒரு கிண்ணம், அதன் நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு குச்சி. குச்சியின் நிழல் கிண்ணத்தின் வளைவில் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தார். முழு வட்டத்தில் 50-ல் ஒரு பங்கு. நம்ம கணக்கில் 7.2 பாகை.

இரண்டு ஊரிலும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டுமே, போன் கூட இல்லாத காலத்தில் எப்படி என்று கேட்கிறீர்களா? கடிகாரமே தேவையில்லை. அஸ்வான் அலெக்ஸாண்ட்ரியாவுக்கு நேர் தெற்கே இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். அப்படியானால் இரண்டு ஊருக்கும் உச்சிப்பொழுது ஒன்றாகத்தான் வரும். நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரமே உச்சி. சூரியனே மணி அடித்துச் சொல்லிவிடுகிறது!

அடி எண்ணியவர்கள்

கோணம் கிடைத்துவிட்டது. இன்னும் ஒன்று பாக்கி. இரண்டு ஊருக்கும் இடையே தூரம் எவ்வளவு?

இந்த இடத்தில்தான் நண்பர்களே, பெயர் தெரியாத சிலர் கதைக்குள் வருகிறார்கள். அந்தக் காலத்தில் நைல் நதியில் வருஷா வருஷம் வெள்ளம் வந்து வயல் வரப்பை அழித்துவிடும். வெள்ளம் வடிந்ததும் திரும்ப அளந்து எல்லை போட வேண்டும். அதனால் எகிப்தில் நில அளவை என்பது பரம்பரையான தொழில். அலெக்ஸாண்டரின் படையிலேயே காலடி எண்ணித் தூரம் அளக்கும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். தாலமி அரசரின் அளவைக்காரர்கள் கொடுத்த தூரத்தைத்தான் எரட்டோஸ்தனிஸ் எடுத்துக்கொண்டார் என்று பிற்காலத்து லத்தீன் நூல் ஒன்று சொல்கிறது.

அந்தத் தூரம் 5,000 ஸ்டேடியா. ஸ்டேடியம் என்பது கிரேக்கர்களின் நீள அளவு, அதன் பன்மை ஸ்டேடியா. இன்று நாம் விளையாட்டு மைதானத்துக்குச் சொல்லும் ஸ்டேடியம் என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான்.

பிறகு என்ன, கணக்கு ஒரே வரி. 50-ல் ஒரு பங்கு வட்டத்துக்கு 5,000 என்றால், முழு வட்டத்துக்கு 50 × 5,000 = 2,50,000 ஸ்டேடியா. பூமியின் சுற்றளவு! பிறகு இதை 2,52,000 என்று திருத்திக்கொண்டார். வட்டத்தை அவர் 60 பங்காகப் பிரிப்பது வழக்கம், ஒரு பங்குக்குச் சரியாக 4,200 ஸ்டேடியா என்று முழு எண்ணாக வரும்.

யோசித்துப் பாருங்கள். வெயிலில் நடந்து அடி எண்ணியவர்களுக்குப் பூமியின் சுற்றளவு என்ற எண்ணமே வந்திருக்காது. நூலகத்தில் உட்கார்ந்திருந்த மேதைக்கு நடந்து அளக்க முடிந்திருக்காது. ஜியாமிதி மட்டும் தெரிந்தவனுக்கு அஸ்வான் நிழல் செய்தி தெரியாது. ஊர் ஊராகப் போன பயணிக்கு ஜியாமிதி தெரியாது. இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த ஒரு பீட்டா வேண்டியிருந்தது, எல்லாவற்றையும் ஒரே மேஜைக்குக் கொண்டு வர!

பிழையும் பிழையும் சேர்ந்து...

விடை சரியா? ஒரு ஸ்டேடியத்தை எத்தனை மீட்டர் என்று எடுத்துக்கொள்வது என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். 157.5 மீட்டர் என்று எடுத்தால் சுற்றளவு 39,690 கிலோமீட்டர் வருகிறது. துருவங்கள் வழியாகப் பூமியின் உண்மையான சுற்றளவு 40,008 கிலோமீட்டர். வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை! 185 மீட்டர் என்று எடுத்தால் 46,620 கிலோமீட்டர் வரும், 16 சதவீதத்துக்கு மேல் அதிகம். அப்படியே இருந்தாலும் ஒரு கிண்ணத்தையும் குச்சியையும் வைத்து வந்த விடைக்கு அது ஒன்றும் மோசமில்லை.

சிவில் நண்பர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவருடைய அளவில் பிழைகள் இருந்தன. அஸ்வான் அலெக்ஸாண்ட்ரியாவுக்கு நேர் தெற்கே இல்லை, சுமார் 3 பாகை கிழக்கே தள்ளி இருக்கிறது. சூரியன் நேர் உச்சிக்கு வரும் கடகரேகை அந்தக் காலத்தில் அஸ்வானுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே ஓடியது. அதனால் அங்கே நிழல் அடியோடு இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு மீட்டர் கம்புக்கு ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாத நிழல், யார் கண்ணுக்குத் தெரியும்? 7.2 பாகை என்று அவர் எடுத்த கோணம் உண்மையில் 7.1. ஒரு பிழை இந்தப் பக்கம் இழுக்க, இன்னொரு பிழை அந்தப் பக்கம் இழுக்க, விடை பெரிதாகக் கெடாமல் தப்பித்தது. சர்வே பாடத்தில் காம்பென்சேட்டிங் எரர் என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடைக்குமா?

விமானத்துக்கும் அதே கணக்கு

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கெய்ரோ விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 30.1 பாகை. ஜோகன்னஸ்பர்க் விமான நிலையம் தெற்கே சுமார் 26.1 பாகை. இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகைப் பக்கம்தான் இருக்கின்றன, 3 பாகைதான் வித்தியாசம். அலெக்ஸாண்ட்ரியாவுக்கும் அஸ்வானுக்கும் உள்ளதும் அதே 3 பாகைதான் என்பது வேடிக்கை! ஆக நடுவில் உள்ள கோணம் 30.1 + 26.1 = 56.2 பாகை. கிழக்கு மேற்கு வித்தியாசத்தையும் சேர்த்தால் ஒரு பிடி கூடும், 56.3 என்று வைத்துக்கொள்வோம்.

கப்பல்காரர்களும் விமானிகளும் தூரத்தை நாட்டிகல் மைலில் சொல்வார்கள். ஏன் தெரியுமா? ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு ஒரு நிமிடம். பூமியின் மேல் அந்த ஒரு நிமிடக் கோணத்தின் நீளமே ஒரு நாட்டிகல் மைல் என்றுதான் முதலில் வைத்தார்கள். இன்று அதை 1,852 மீட்டர் என்று நிர்ணயம் செய்திருக்கிறார்கள். ஆகவே 56.3-ஐ 60-ஆல் பெருக்கினால் 3,378. ஏறக்குறைய 3,380 நாட்டிகல் மைல், அதாவது 6,260 கிலோமீட்டர். விடை வந்துவிட்டதா? பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 460 நாட் வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொண்டால் 7 மணி 20 நிமிஷம். ஓடுபாதையில் உருண்டு போவது, மேலே ஏறுவது, கீழே இறங்குவது எல்லாம் சேர்ந்தால் 8 மணியை ஒட்டி வரும். எதிர்க்காற்று அடித்தால் கொஞ்சம் கூடும், பின்காற்று தள்ளினால் கொஞ்சம் குறையும்.

இரண்டு ஊரும் ஒரே தீர்க்கரேகையில் இல்லாவிட்டால் கோளத் திரிகோணமிதி வேண்டும். சயின்டிபிக் கால்குலேட்டரில் சைன், காஸ் தட்டிக் கோணத்தைக் கண்டுபிடிக்கலாம். கோணம் கிடைத்த பிறகு கணக்கு அதேதான்: கோணம் இவ்வளவு, ஒரு பாகைக்குத் தூரம் இவ்வளவு. எரட்டோஸ்தனிஸ் இரண்டு ஊருக்கு இடையிலான தூரத்தை வைத்து உலகை அளந்தார். நாம் உலகின் அளவை வைத்து எந்த இரண்டு ஊருக்கும் இடையே தூரம் காண்கிறோம். அவர் போட்ட கணக்கைத் திருப்பிப் போடுகிறோம், அவ்வளவே!

அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து அஸ்வானுக்கே போட்டுப் பாருங்கள். நேர்கோட்டில் சுமார் 840 கிலோமீட்டர். ஜெட் விமானம் வானத்தில் இருப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அளவைக்காரர்கள் எத்தனை நாள் நடந்தார்களோ, அந்தக் கால்களுக்கு ஒரு கும்பிடு!

வேண்டாம் என்று வைத்த எண்

இந்த அளவை உலகம் கொண்டாடியதா? அதுதான் இல்லை. பிறகு வந்தவர்களிடையே 1,80,000 ஸ்டேடியா என்ற சின்ன எண் புழக்கத்துக்கு வந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அதே அலெக்ஸாண்ட்ரியாவில் வாழ்ந்த புவியியல் அறிஞர் தாலமியும் (அரசர் இல்லை, இவர் வேறு தாலமி) அந்தச் சின்ன எண்ணையே எடுத்துக்கொண்டார். அவர் புத்தகம்தான் ஐரோப்பாவில் பிரபலமானது. பூமி சின்னது என்ற நம்பிக்கை பரவ அதுவும் ஒரு காரணம். 1492-ல் கொலம்பஸ் ஆசியா பக்கத்தில்தான் இருக்கிறது என்று மேற்கே கிளம்பியதற்குப் பின்னால் பூமியைக் குறைத்து மதிப்பிட்ட கணக்கு இருந்தது. நடுவில் அமெரிக்கா மட்டும் குறுக்கிடாமல் இருந்தால், சோறு தண்ணீர் இல்லாமல் நடுக்கடலிலேயே கதை முடிந்திருக்கும். தூரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டால் உயிரே போகும். விமானத்தில் எரிபொருள் நிரப்புகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

எரட்டோஸ்தனிஸின் புத்தகங்கள் எல்லாமே காலத்தில் அழிந்துபோயின. ஜியாக்ரபி என்ற சொல்லே அவர் தம் புத்தகத்துக்கு வைத்த பெயரிலிருந்து வந்ததுதான், அந்தப் புத்தகமும் மிஞ்சவில்லை. பூமியை அளந்த முறை கிளியோமெடிஸ் என்பவர் எழுதி வைத்த குறிப்பால் நமக்குக் கிடைத்தது. புவியியல் நூலில் இருந்தவற்றில் பெரும்பகுதி ஸ்ட்ராபோ என்பவரால் கிடைத்தது. இந்த ஸ்ட்ராபோ யார் தெரியுமா? எரட்டோஸ்தனிஸை வரிக்கு வரி குறை சொன்ன விமரிசகர்! திட்டுவதற்காக எடுத்து எழுதி, கடைசியில் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் குறிப்புகளில் ஒரு செய்தி என் மனதைத் தொட்டது. அன்றைய கிரேக்கர்கள் மனிதர்களை இரண்டாகப் பிரிப்பார்கள். கிரேக்கர் ஒரு பக்கம், மற்றவர்கள் எல்லாம் காட்டுமிராண்டிகள் இன்னொரு பக்கம். எரட்டோஸ்தனிஸ் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பிறப்பை வைத்துப் பிரிக்காதே, நல்லவர் கெட்டவர் என்று குணத்தை வைத்துப் பார் என்பது அவர் கட்சி. கிரேக்கரிலும் கெட்டவர்கள் உண்டு, மற்றவர்களிலும் பண்பட்டவர்கள் உண்டு என்று சொல்லி, உதாரணமாக அவர் காட்டியவர்களில் இந்தியர்களும் இருக்கிறார்கள்! பீட்டா என்று முத்திரை குத்தப்பட்டவருக்கு, முத்திரை குத்துவதன் வலி தெரிந்திருக்கிறது.

கடைசிக் காலம்

வயதான காலத்தில் அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. வாழ்க்கை முழுவதும் ஏட்டையும் வானத்தையும் பார்த்தே வாழ்ந்தவருக்கு அது தாங்க முடியாத இழப்பு. கி.மு. 194 வாக்கில், 80 வயதை ஒட்டிய நிலையில், உணவை மறுத்து உயிர் விட்டார் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. அந்த முடிவு நமக்கு உதாரணம் இல்லை நண்பர்களே. அவர் வாழ்ந்த வாழ்க்கைதான் உதாரணம்.

அவர் கண்ட வழி அவரோடு நிற்கவில்லை. தரையில் ஒரு நீளம், வானத்தில் ஒரு கோணம் என்ற அதே முறையில் பின்னால் வந்தவர்கள் இன்னும் இன்னும் துல்லியமாக அளந்தார்கள். நம்ம சென்னைப் பரங்கிமலை அருகே 1802-ல் வில்லியம் லாம்டன் செயின் பிடித்து அடிக்கோடு அளந்து, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினாரே, அவர் அளக்க நினைத்ததும் தீர்க்கரேகையின் ஒரு வில்தான். அங்கேயும் செயினைத் தூக்கி நடந்தவர்களின் பெயரைக் கேட்டால் சொல்ல ஆள் இல்லை. இன்று சந்திரனில் ஒரு பெரிய பள்ளத்துக்கு எரட்டோஸ்தனிஸ் என்று பெயர். நல்ல தொலைநோக்கி இருந்தால் இங்கிருந்தே பார்க்கலாம்.

நமக்கு என்ன பாடம்? முதல் நம்பராக வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, முடிந்தால் வாருங்கள்! ஆனால் இரண்டாவது என்று யாராவது சொன்னால் சுருங்கிப்போக வேண்டாம். தியரியும் கொஞ்சம் தெரிந்து, கருவியும் கையாளத் தெரிந்து, களத்தில் நிற்கவும் தெரிந்தவன் எந்த வேலை இடத்திலும் தேவைப்படுவான். மேலே இருக்கிறவரின் டிராயிங்கும் கீழே இருக்கிறவரின் உழைப்பும் சந்திக்கிற இடத்தில் நிற்பவன் அவன்தான். ஒன்றே ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. 5,000 என்ற அந்த எண்ணைக் கொடுத்தவர்கள் சும்மா உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருந்தால், மேதையின் ஜியாமிதி முழுவதும் வீணாகப் போயிருக்கும். ஆகவே அடுத்த சர்வே கேம்ப்பில், வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் உட்கார்ந்து ரீடிங்கை இட்டுக்கட்டி எழுதத் தோன்றினால், அஸ்வான் வழியில் அடி எண்ணிக்கொண்டே போன அந்த முகம் தெரியாத மனிதர்களைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். ஃபீல்டு புக்கில் நாம் எழுதுகிற எண்ணை நம்பி, பின்னால் வருகிற யாரோ ஒருவர் ஒரு பாலம் கட்டுவார், ஒரு விமானம் ஓட்டுவார், ஏன், ஒரு உலகத்தையே அளப்பார்!

– மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்